டயரின் உள்விளிம்பைத் தின்றது யார்?

ஒரு சிறிய துப்பறியும் கதையுடன் தொடங்குவோமா?

ஒருவரிடம் இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 என்ற காரையே எடுத்துக்கொள்ளலாம். அதன் சுருள்வில்களைக் கழற்றிவிட்டுக் குட்டையான வில்களைப் பொருத்துகிறார். கார் 3 செ.மீ. தாழ்ந்து, தரையோடு ஒட்டினாற்போல் அழகாக நிற்கிறது. சில மாதங்கள் கழிகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் டயரில் வரிப்பள்ளங்கள் ஆழமாகவே தெரிகின்றன. ஒருநாள் காரை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தால், அந்தோ! டயரின் உட்புற விளிம்பு முழு மொட்டை. ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் கம்பி இழைகளே எட்டிப் பார்க்கின்றன. அந்த டயர் வேகமாக ஓடும்போது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்த உள்விளிம்பைத் தின்ற குற்றவாளி யார்? கண்டுபிடிப்போம்.

காரைத் தாழ்த்துவது ஏன்?

அழகு மட்டுமே காரணம் அன்று. பேருந்து வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டிருக்கும் நீங்கள் வெளிப்பக்கமாகச் சாய்கிறீர்கள் அல்லவா? காரும் அப்படித்தான் சாய்கிறது. உட்புறச் சக்கரங்களின் மீதிருந்த பளுவில் ஒரு பகுதி வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு இந்தப் பளு மாற்றமும் மிகும். ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு காரை 3 செ.மீ. தாழ்த்தினால், பளு மாற்றம் 100க்கு 6 பங்கு குறையும். நல்ல ஆதாயம்தான். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு.

முதல் சந்தேக நபர்: சாய்வு

எம்.எக்ஸ்-5 காரின் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. மேல் கை குட்டை. கீழ்க் கை நீளம். சக்கரம் மேலே எழும்பும்போது இரு கைகளின் நுனிகளும் வட்ட வில்லாக நகர்கின்றன. குட்டைக் கையின் வட்டம் சிறியது. ஆகவே அது சக்கரத்தின் மேற்பகுதியை விரைவில் உள்ளே இழுத்துவிடுகிறது. சக்கரம் காரின் பக்கமாகத் தலையைச் சாய்க்கிறது. சக்கரத்தின் இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். தலை உட்பக்கம் சாய்ந்தால் எதிர்க் கேம்பர்.

இது பொறியாளரின் தவறு அன்று. திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. வளைவில் காரின் உடல் சாயும்போது வெளிப்புறச் சக்கரமும் அதனுடன் வெளியே சாயப் பார்க்கும். அந்த நேரத்தில் கைகள் அதன் தலையை உள்ளே இழுப்பதால், டயர் தரையில் ஏறக்குறைய நேராகப் பதிகிறது.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். காரின் உடலைத் தாழ்த்துவதும் சக்கரத்தை உயர்த்துவதும் ஒன்றுதானே? குட்டை வில் போட்ட காரில் சக்கரம் எப்போதும் மேடேறியது போன்ற நிலையிலேயே இருக்கிறது. அதனால் நேர்சாலையில்கூட அது சாய்ந்தபடியே ஓடுகிறது. இந்தக் காரின் டயர் 185 மி.மீ. அகலமுடையது. அது மரக்கட்டையால் ஆனது என்று கற்பனை செய்தால், 2 பாகைச் சாய்வில் அதன் வெளிவிளிம்பு தரையைத் தொடாமல் ஏறத்தாழ 6 மி.மீ. எழும்பி நிற்கும். ரப்பர் நசுங்கிக் கொடுப்பதால் முழு அகலமும் தரையைத் தொடுகிறது. ஆனால் உள்விளிம்பின் மீது அழுத்தம் மிகுதி.

குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். 1, 2 பாகை எதிர்க் கேம்பருடன் ஓடியும் டயர் பெரிதாகக் கெடாத கார்கள் பல உண்டு. ஆகவே வேறொருவனையும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் சந்தேக நபர்: திருப்பம்

இரு கால்களையும் சேர்த்து நின்று குனிந்து பாருங்கள். பாதங்கள் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா? கட்டைவிரல்கள் நெருங்கியுள்ளனவா? விலகியுள்ளனவா? காரின் இரு சக்கரங்களையும் மேலிருந்து பார்த்தால் இதே மூன்று நிலைகள்தாம். இதற்கு டோ என்று பெயர். ஆங்கிலத்தில் கால்விரலைக் குறிக்கும் சொல் இது.

முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டும் தனக்கென ஒரு வட்ட வில்லில்தான் நகர்கிறது. கார் தாழும்போது அந்த வில்லும் கைகளின் வில்களும் முற்றிலும் பொருந்துவதில்லை. எனவே நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரங்கள் சற்று உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடுகின்றன.

சற்று என்றால் எவ்வளவு? ஒரு சக்கரம் அரைப் பாகை திரும்பியிருப்பதாகக் கொள்வோம். 14 அங்குல இரும்பு வளையத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே அது வெறும் 3 மி.மீ. வேறுபாடு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் முக்கோணவியல் என்ன சொல்கிறது? அரைப் பாகையின் சைன் மதிப்பு 0.0087. அதாவது கார் 1 கி.மீ. நேராக ஓடினால், அந்தச் சக்கரம் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 87 கி.மீ.!

இந்த இழுபாடு முழுவதும் வழுக்கலாக வெளிப்படுவதில்லை. தரையைத் தொடும் ரப்பர் முதலில் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கிறது; தரையை விட்டு விலகும் தறுவாயில் சறுக்கித் தன் நிலைக்குத் திரும்புகிறது. இந்தக் கார் 1 கி.மீ. ஓட, டயர் ஏறத்தாழ 550 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பரின் ஒவ்வொரு கட்டியும் ஒருமுறை தரையில் உரசுகிறது. நோட்டுப் புத்தகத்தில் அழிப்பானைத் தேய்ப்பது போலத்தான்.

தீர்ப்பு

அழிப்பானைத் தாளின் மேல் வெறுமனே அழுத்திப் பாருங்கள்; அது தேயாது. அழுத்தாமல் லேசாக இழுத்தாலும் அதிகம் தேயாது. அழுத்திக்கொண்டே இழுத்தால்? துகள் துகளாக உதிர்கிறது. தாழ்ந்த காரில் சாய்வு உள்விளிம்பை அழுத்துகிறது. திருப்பம் அதை இழுக்கிறது. கூட்டுக் குற்றம்! எனினும் பெரும்பங்கு திருப்பத்தினுடையதே.

பரிகாரம் என்ன?

வில்லை மாற்றினால் சக்கரச் சீரமைவையும் பார்த்தே ஆக வேண்டும். முதலில் டயர்களில் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்புவர். அடுத்துச் சாய்வைச் சரிசெய்வர். எம்.எக்ஸ்-5 காரின் கீழ்க் கைகளில் மையம் விலகிய போல்ட்டுகள் இதற்காகவே உள்ளன. போல்ட்டைத் திருப்பினால் கையின் இருப்பிடம் சில மி.மீ. நகரும். திருப்பத்தை இறுதியில்தான் திருத்த வேண்டும். சாய்வை மாற்றினால் திருப்பமும் மாறிவிடும் என்பதே காரணம். காரை அளவுக்கு மீறித் தாழ்த்தியிருந்தால், போல்ட்டை எவ்வளவு திருப்பினாலும் போதாது. அப்போது காரைச் சற்று உயர்த்துவதே அறிவுடைமை.

நீங்களும் துப்பறியலாம்

நிறுத்திவைத்த காரின் டயர்களை உற்றுப் பாருங்கள். இரு விளிம்புகளும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே விளிம்பு தேய்ந்திருந்தால் சீரமைவுக் கோளாறு. வரிகளின் மேல் குறுக்கே ஒரு குச்சியை ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போன்ற தடங்கலும் இருந்தால் திருப்பக் கோளாறு. கம்பி இழைகள் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் கையால் தடவாதீர்கள்.

வரிப்பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் கீழே போனால் டயரை மாற்ற வேண்டும் என்பது இந்தியாவிலும் ஜப்பானிலும் உள்ள விதி. மழைநீரை அந்தப் பள்ளங்கள்தாம் வெளியேற்றுகின்றன. அளக்கும்போது வெளிப்புறத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உள்விளிம்பையும் குனிந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. வாய் அகன்று அடி குறுகிய டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள். அது நேராக ஓடாமல் வட்டமடிக்கும். சாய்ந்து ஓடும் சக்கரமும் இந்த டம்ளரைப் போலத்தான். அப்படியானால், நான்கு சக்கரங்களும் உட்பக்கம் சாய்ந்த கார் வட்டமடிக்காமல் நேராக ஓடுவது எப்படி? சிந்தித்து விடை காணுங்கள்!