வண்ணத்திற்கு முன் கிங்பின்

பழைய பிக்கப் வாகனத்தை வாங்கிப் புதுப்பிக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் செலவிடுவது வண்ணப்பூச்சுக்கும், பளபளக்கும் குரோமியப் பட்டைகளுக்கும், இருக்கை உறைகளுக்குமே. பார்ப்பவர் கண்ணில் படுபவை அவை. ஆனால், அவ்வாகனம் சாலையில் நேராகச் செல்வது கண்ணில் படாத வேறொரு பொருளைச் சார்ந்திருக்கிறது. முன்சக்கரங்கள் இரண்டையும் அச்சுடன் இணைத்து, அவை இடமும் வலமும் திரும்ப வழிசெய்யும் அந்த எஃகு முளைக்குக் ‘கிங்பின்’ என்று பெயர். பழைய வாகனத்திற்கென ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இதற்கே உரியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற நூற்றாண்டின் நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ பிக்கப்புகள் நம் நாட்டுச் சாலைகளில் ஓடின. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயிலும், ஃபோர்டு பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நகரங்களிலும் பாகங்களை இறக்குமதி செய்து வாகனங்களாகப் பொருத்தின. ஐம்பதுகளின் நடுப்பகுதிக்குள் இரு நிறுவனங்களும் இங்குத் தம் பணியை நிறுத்திக்கொண்டன. டாட்ஜ், ஃபார்கோ வண்டிகளைத் தயாரித்த பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் மேலும் சில பதிற்றாண்டுகள் இயங்கியது. இன்று அவ்வண்டிகளை வைத்திருப்போருக்கு உதிரிபாகம் தரும் முகவர் எவரும் இல்லை. பழைய பொருள் அங்காடியும் கடைசல் பட்டறையுமே அவர்களுக்குத் துணை.

கிங்பின்னின் தேவையை உணரக் கோயில் தேரை நினைத்துப் பார்த்தால் போதும். தேரின் அச்சு திரும்பாது. அதனால்தான் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து அதனைத் திருப்புகிறோம். ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரே முளையைச் சுற்றித் திரும்பியது. கூர்மையான வளைவில் அவ்வண்டிகள் எளிதில் கவிழ்ந்தன. ஒவ்வொரு முன்சக்கரமும் தனக்குரிய முளையில் தனித்தனியே திரும்பும் அமைப்பை 1817-இல் மூனிக் நகர வண்டி வினைஞர் ஜியார்ஜ் லாங்கன்ஸ்பெர்கர் உருவாக்கினார். மறு ஆண்டு லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் அதற்குக் காப்புரிமை பெற்றார். கார்களில் இவ்விடத்தைப் பின்னாளில் பந்து மூட்டுகள் பிடித்துக்கொண்டன. கனரக லாரிகளில் கிங்பின் இன்றும் நிலைத்திருக்கிறது.

இதன் அமைப்பு எளியது. முன் அச்சின் முனையில் ஒரு துளை உண்டு. அதில் கிங்பின் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் ‘ஸ்டப் ஆக்சில்’ தன் மேற்கரத்தாலும் கீழ்க்கரத்தாலும் அம்முளையைப் பற்றிக்கொண்டு சுழலும். இரு கரங்களிலும் வெண்கலப் புஷ்கள் இருக்கும். வண்டியின் எடையை அச்சின் அடியிலுள்ள ‘திரஸ்ட் பேரிங்’ தாங்கும். இவை அனைத்திற்கும் உயிர் கிரீஸ். சுமார் 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் இடுவது அக்காலத்து வழக்கம். அது தவறினால் புஷ் தேயும். ஈரமும் மண்ணும் புகுந்து முளையும் அரிக்கும்.

தேய்மானத்தைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சின் கீழ் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை உயர்த்த வேண்டும். டயரின் உச்சியையும் அடியையும் இரு கைகளால் பற்றி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில் இருக்கிறது. நிற்காவிட்டால் கிங்பின்னில் இருக்கிறது. ஸ்டியரிங் கனமாதல், வண்டி ஒரு பக்கமாக அலைதல், குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் படபடத்தல், டயரின் ஓரம் மட்டும் தேய்தல் ஆகியனவும் இதன் அறிகுறிகள். வண்டியை வாங்கும் முன்பே இச்சோதனையைச் செய்துகொள்வது விலை பேசவும் உதவும்.

பெங்களூரில் இப்பணிக்கு மூன்று இடங்கள் கைகொடுக்கும். ஜே.சி. சாலையில் வாகன உதிரிபாகக் கடைகள் வரிசையாக உள்ளன. சிவாஜிநகரில் பழைய பாகங்களைத் தேடலாம். நுண்ணிய கடைசல் வேலைக்குப் பீன்யா தொழிற்பேட்டை இருக்கிறது. 1953-இல் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனம் இந்நகரில் வளர்த்த இயந்திரக் கருவித் தொழிலின் பயனை இன்று பழைய வண்டி உரிமையாளரும் பெறுகிறார். கிங்பின், புஷ், பேரிங், ஷிம், பூட்டு முளை ஆகியவை ஒரே தொகுப்பாகக் கிடைப்பதுண்டு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு பக்கங்களுக்கும் சேர்த்து மாற்றுவதே முறை.

கழற்றும்போது பொறுமையே முதல் கருவி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் அச்சை இருத்த வேண்டும். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றியபின், பிரேக் தட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடை பிரேக் குழாயில் விழக்கூடாது. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றால் ஊதலாகாது. ஈரத்துணியால் துடைப்பதே நன்று. பின்னர்ப் பூட்டு முளையை வெளியேற்ற வேண்டும். இதனை மறந்து கிங்பின்னைச் சுத்தியலால் அடிப்பவர் அச்சையே கெடுத்துவிடுவார். துருப்பிடித்த முளைக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் மறுநாள் வேலை எளிதாகும்.

புதிய பாகம் வாங்கியதுடன் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இப்பணியின் வெற்றி, புஷ்ஷை முளையின் அளவுக்குச் சரியாக இழைப்பதில்தான் இருக்கிறது. புதிய புஷ்ஷை அழுத்திப் பொருத்தும்போது அதன் துளை கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக அமைய வேண்டும். விலகினால் எவ்வளவு கிரீஸ் செலுத்தினாலும் உள்ளே சென்று சேராது. அடுத்து, மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு வழிகாட்டித் தண்டுள்ள ரீமரால் இழைக்க வேண்டும். தனித்தனியே இழைத்தால் முளை கோணலாக உட்கார்ந்து இறுகும். கை அழுத்தத்தில் முளை உள்ளே செல்ல வேண்டும்; ஆனால் பக்கவாட்டில் ஆடக்கூடாது. அளவுகளுக்கு அவ்வண்டியின் கையேடே ஆதாரம். அச்சின் துளையே தேய்ந்திருந்தால் புதிய கிங்பின்னும் நிலைக்காது. பட்டறைக்காரரிடம் அதனையும் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

பொருத்தும்போது திரஸ்ட் பேரிங்கின் மூடிய பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். நீரும் மண்ணும் உள்ளே இறங்காமல் அது காக்கும். மேற்புற இடைவெளியை ஷிம் கொண்டு சரிசெய்ய வேண்டும். முளையிலுள்ள வெட்டு பூட்டுத் துளைக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அதனை அடித்து இறுக்கலாம். சக்கரம் தரையைத் தொடாத நிலையிலேயே கிரீஸ் செலுத்தினால் அது எல்லா முகங்களுக்கும் பரவும். இறுதியாக வீல் அலைன்மென்ட் சோதனையில் டோ-இன் அளவைச் சரிசெய்து, ஆளரவம் குறைந்த சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னரே நெடுந்தொலைவுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

வங்கியில் பணிபுரிபவன் என்ற முறையில் ஆவணங்களைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே. எனவே பாகங்களுக்கும் கடைசல் வேலைக்கும் பெற்ற ரசீதுகளையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களையும் பத்திரப்படுத்துங்கள். மதிப்பை நிறுவ அவை துணைசெய்யும்.

2021-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கும், சொந்தப் பயன்பாட்டு நான்கு சக்கர வாகனங்களுக்கும் அவை பொருந்தும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் ரூ.20,000, பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ பயன்படுத்த இயலாது. பிக்கப் பல நேர்வுகளில் சரக்கு வாகனமாகப் பதிவாகியிருக்கும். ஆகவே பதிவுச் சான்றில் அது எவ்வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெளிவுபெற்ற பின்னரே பணம் செலவிடுவது நலம்.

தேய்ந்த டயரைக் கண் காட்டிக்கொடுக்கும். தேய்ந்த கிங்பின்னைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே செலவின் வரிசையை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம்: முதலில் ஸ்டியரிங்கும் பிரேக்கும், அடுத்து டயரும் மின்கம்பிகளும், அதன் பின்னர் எஞ்சின், கடைசியில் வண்ணம். வண்ணம் ஓராண்டு தாமதித்தால் அழகு மட்டுமே காத்திருக்கும். கிங்பின் தாமதித்தால், எதிரே வருபவரின் உயிரும் சேர்ந்தே இடருக்கு உள்ளாகும்.