மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறீர்களா?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்றொரு கிராமம். 1992 நவம்பரில் அங்கே பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் ஒரு சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸிடம் மெட்டல் டிடெக்டர் இருந்தது. பணி ஓய்வின்போது பரிசாகக் கிடைத்தது. சுத்தியலைத் தேடித் தர அதை எடுத்துக்கொண்டு வந்தார் லாஸ். மண்ணுக்குள்ளிருந்து வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், ரோமானியக் காசுகள் வரத் தொடங்கின. கொஞ்சம் எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள். சுமார் 15,000 காசுகளும் 200 அளவில் மற்றப் பொருட்களும் கிடைத்தன. கலையாமல் இருந்ததால், ஒரு மரப்பெட்டிக்குள் எது எதன்மேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதுகூடத் தெரியவந்தது. தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டிடெக்டர் வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தச் சம்பவத்தைத்தான். லாஸ் கையில் இருந்தது ஒரு பொழுதுபோக்குக் கருவி. மண்ணுக்குள் மின்சாரம் கடத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அதிகம் தெரியாது. மற்றதெல்லாம் கருவியைப் பிடித்திருப்பவரின் காதையும் கையையும் நிதானத்தையும் பொறுத்தது.

கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை காயில் என்பார்கள். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடும். தொடக்கநிலைக் கருவிகளில் பெரும்பாலும் விநாடிக்கு 6,000 முதல் 15,000 தடவை அது திசை மாறி அலையும். அதனால் உண்டாகும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிடக்கும் காசில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இரண்டாவது சுருள் அதைப் பிடித்துக்கொள்கிறது; காதில் ஒலி கேட்கிறது.

இதே தத்துவத்தில் 1881-ல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவி செய்தார். சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தோட்டா எங்கே இருக்கிறது என்று தேடுவதற்காக. தேடல் தோற்றது. படுக்கையின் மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பின. மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார், தோட்டாவோ இடப்பக்கம் இருந்தது. எஃகு நுனி வைத்த பூட்ஸ், பக்கத்தில் சாய்த்து வைத்த மண்வெட்டி, சட்டைப்பையில் கைபேசி என்று பக்கத்து உலோகம் குழப்பும் தொல்லை இன்றைக்கும் தீரவில்லை.

திரையில் தெரியும் எண்ணுக்கு வருவோம். புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். திரும்பி வரும் சைகை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கணக்கிட்டு, கருவி ஓர் எண்ணைக் காட்டும். இரும்புக்குக் குறைந்த எண். கனமான வெள்ளிக்காசு, செப்புக்காசுக்கு உயர்ந்த எண். இதை வைத்து "தங்கத்துக்கு இந்த எண்" என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். தங்கத்துக்கென்று தனி எண் கிடையாது. பொருளின் உலோகம், கனம், அகலம், வடிவம் எல்லாம் சேர்ந்துதான் எண்ணைத் தீர்மானிக்கின்றன. சின்னத் தங்க மோதிரமும், குளிர்பான டின்னைத் திறக்கும்போது வரும் அலுமினிய வளையமும் ஒரே இடத்தில்தான் விழும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை ஒதுக்கி வைத்தால் மோதிரங்களையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவோம். டிஸ்க்ரிமினேஷன் என்ற அந்த வசதியை இரும்பை ஒதுக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஆரம்பத்தில் அதுவும் வேண்டாம். ஆணியின் ஒலி எப்படி இருக்கும் என்று காது பழகட்டும். வளைந்த ஆணி ஒரு பக்கம் வீசும்போது காசைப்போல இனிமையாக ஒலிக்கும். தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினால் கரகரத்துப் போகும், அல்லது காணாமலே போகும். நல்ல காசு எந்தத் திசையிலிருந்து வீசினாலும் ஒரே குரலில் பதில் சொல்லும். நம் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் பழகாதீர்கள். அது காந்தத்தில் ஒட்டும் எஃகு. எண்ணைத் தாவ வைக்கும்.

அடுத்து ஆழம். விளம்பரங்கள் துணிந்து பொய் சொல்வது இதில்தான். காயிலின் அகலத்தைத் தாண்டியபின், காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை. ஆக, ஆழம் இரண்டு மடங்கானால் சைகை ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகிவிடும். தொடக்கநிலைக் கருவி ஒற்றைக் காசை 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் பிடித்தால் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். இணையத்தில் "பத்து மீட்டர் ஆழத்துத் தங்கம்", "ஒரு கிலோமீட்டர் தூரத்துப் புதையல்" என்று ஆன்டெனா வைத்து விற்கிறார்களே, அவற்றின் பக்கமே போகாதீர்கள். இயற்பியலில் அதற்கு இடமில்லை. இதே ரகக் கருவி ஒன்றை, வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி இராக் அரசுக்கு விற்ற ஒருவருக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. கைப்பிடியில் தளர்வாகச் சுழலும் ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான் அந்தக் கருவி. அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அப்படியானால் எதை வாங்குவது? பெயர் பெற்ற நிறுவனங்களின் அடிநிலை மாடல்களே போதும். கேரட்டின் ஏஸ் வரிசை, நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ், மைன்லேபின் வேன்குவிஷ் போன்றவை. இங்கிலாந்தில் இந்த ரகம் ஏறத்தாழ 150 முதல் 300 பவுண்டுக்குள் வரும். பழையதானாலும் பரவாயில்லை. 2009-ல் டெர்ரி ஹெர்பர்ட் ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டுபிடித்தது, பழைய பொருள் சந்தையில் இரண்டரை பவுண்டுக்கு வாங்கியதாகச் சொல்லப்படும் கருவியால். அந்தப் புதையலில் தங்கம் மட்டும் நான்கைந்து கிலோ இருந்தது.

வாங்குமுன் கருவியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை கிலோ என்பது கேட்கச் சிறிதுதான். இரண்டு மணி நேரம் வீசினால் தோள்பட்டை இறங்கிப் போகும். முழங்கைத் தாங்கி சரியாகப் பொருந்துகிறதா, தண்டின் நீளத்தை உங்கள் உயரத்துக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோன் மாட்டும் வசதி இருக்க வேண்டும். ஆழத்திலிருந்து வரும் மெல்லிய ஒலி காற்றில் கரைந்துவிடும். காயில் நனையலாமா என்று கேளுங்கள். பெரிய காயில் ஆழம் போகும், ஆனால் ஆணி மண்டிய இடத்தில் ஆணியையும் காசையும் பிரித்துச் சொல்லத் திணறும். ஒன்பது முதல் பதினொரு அங்குலம் நடுத்தரமான அளவு. மண்ணைச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். செம்மண்ணில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடே கருவிக்கு இலக்குபோல் தோன்றும். அதை அடக்க இந்த வசதி வேண்டும். கடற்கரையில் காய்ந்த மணல் சிக்கலில்லை. உப்புநீர் ஊறிய ஈர மணல் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண் கருவி அங்கே ஓயாமல் கத்தும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்யும் கருவி அதைச் சமாளிக்கும்.

வாங்கியதும் வயலுக்கு ஓடாதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் ஒரு பித்தளைக் காசு, ஒரு ஆணி, கசங்கிய அலுமினியத் தாள், டின் வளையம் ஆகியவற்றை ஐந்து, பத்து, பதினைந்து சென்டிமீட்டர் ஆழங்களில் புதைத்து, குச்சி நட்டு அடையாளம் வைத்துப் பழகுங்கள். சென்சிட்டிவிட்டியை உச்சத்துக்கு ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். கருவி பதற்றமாகப் பேசினால் அதைக் குறைத்துவிடுங்கள்; அமைதியான கருவிதான் ஆழமாகக் கேட்கும். காயிலைத் தரைக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் மட்டமாக நகர்த்துங்கள். விளக்குமாற்றை வீசிப் பெருக்குவதுபோல ஓரங்களில் தூக்கிவிட்டால் அந்த இடத்தில் ஆழம் போச்சு. நகராமல் நிறுத்தினாலும் பெரும்பாலான கருவிகள் மௌனமாகிவிடும். ஒலி வந்ததும் குறுக்கும் நெடுக்குமாக வீசி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புல்தரையானால் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, மூடியைப் போலத் திறந்து, மண்ணை ஒரு சாக்கின் மேல் போட்டு, வேலை முடிந்ததும் அப்படியே மூடிவிட வேண்டும். குழியை மூடாமல் போகிறவர்களுக்கு நில உரிமையாளர் இன்னொரு முறை அனுமதி தர மாட்டார், தரவும் கூடாது.

இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். அறிவிக்கப்பட்ட தொல்சின்னங்களில் உரிய அனுமதியில்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கதை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. பழங்கால மேடுகளிலும் கோயில் நிலங்களிலும் கருவியோடு அலைவது நம் ஊரில் கூடவே கூடாது. காசு கிடந்த அடுக்கிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டால், அந்த அடுக்கின் காலத்தைச் சொல்ல வந்த சாட்சியைக் கலைத்துவிட்டோம் என்று பொருள்.

நம்மவர்களுக்கு இந்தக் கருவி உண்மையில் உதவப் போவது, சொந்தத் தோட்டத்தில் தொலைந்த நகையைத் தேடும்போதுதான். தொலைந்தது மோதிரம் என்றால், அதே எடையில் வீட்டிலிருக்கும் இன்னொரு மோதிரத்தைக் காயிலின் முன் ஆட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, கயிறு கட்டி இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து வீசலாம். சங்கிலி என்றால் கவனம் வேண்டும். முழு வளையமான மோதிரத்தில் மின்னோட்டம் சுற்றி வரும். மெல்லிய சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் கருவிக்குத் தனித்தனியாகத்தான் தெரியும். மூன்று பவுன் சங்கிலி சொல்லாததை அரைப் பவுன் மோதிரம் உரக்கச் சொல்லிவிடும். ஆகவே சங்கிலியைத் தேடும்போது, அதில் கோத்திருந்த டாலர், காசு அல்லது கொக்கியின் எண்ணை வைத்தே தேட வேண்டும். அந்த எண் ஆணிக்கும் அலுமினியத் தாளுக்கும் மிக அருகில் இருக்கலாம் என்பதால், அந்தப் பட்டையில் வரும் ஒவ்வொரு ஒலியையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.