கப்பல் கூலியை யார் கொடுத்தது?
கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் வெளியூர்ப் பூர்வீகம் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 1809-ல் வெள்ளைக்காரர்கள் கண்டோன்மென்ட்டை அமைத்தபோது, சென்னை மாகாணத்துப் பட்டாளத்தோடு கூடவே வந்தவர்கள் தமிழர்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்தது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்து ஜனங்களுக்கு வழி இன்னும் சுலபமாயிற்று. கிழக்கு ரயில் நிலையத்தைச் சுற்றியும், வீலர் சாலையிலும், ஜீவனஹள்ளியிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கன்னடமும் தமிழும் சரளமாகப் பேசுகிறார்கள்.

பிழைப்பைத் தேடி இடம் மாறுவது இந்தப் பேட்டைக்குப் புதிது அல்ல. இங்கே வர ஒரு ரயில் டிக்கெட் போதுமானதாக இருந்தது. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். வேலை பிடிக்கவில்லை என்றால் மறுநாள் பாசஞ்சர் வண்டியில் ஊர் திரும்பலாம்.

இப்போது அடுத்த தலைமுறையின் கண் கடலுக்கு அப்பால் போயிருக்கிறது. "மலேசியாவில் ஆள் எடுக்கிறார்களாம்", "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையாம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசமாம்" என்ற பேச்சு மார்க்கெட் பக்கம் அடிக்கடி அடிபடுகிறது. நம் ஊர் போலவே வெயிலும் மழையும், தென்னையும் வாழையும் உள்ள நாடுகள். கோயிலும் உண்டு, இட்லியும் கிடைக்கும். ஆகவே, போவதும் ஜோலார்பேட்டையிலிருந்து வந்தது போலத்தான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது சரியல்ல.

நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாகத் தமிழர்கள் அந்த நாடுகளுக்குப் போய் வருகிறார்கள். அவர்களில் யார் தலை நிமிர்ந்தார்கள், யார் சிக்கிக்கொண்டார்கள் என்று பார்த்தால் இரண்டு கேள்விகளில் விடை கிடைக்கிறது. கப்பல் கூலியை யார் கொடுத்தது? கையில் இருந்த காகிதம் என்ன?

கங்காணியின் கணக்கு

மலாயாவில் முதலில் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழர்கள் கொண்டு போகப்பட்டார்கள். ஆரம்பத்தில் ஒப்பந்தக் கூலி முறை. கப்பல் கூலியைத் தோட்டத் துரை கொடுப்பார். கூலியாள் இத்தனை வருஷம் உழைப்பதாகக் கைநாட்டு வைப்பான். இடையில் வேலையை விட்டால் அது குற்றம். சிறைக்குப் போக வேண்டும். இந்த முறை மலாயாவில் 1910-ல் ஒழிக்கப்பட்டது.

அடுத்து ஓங்கியது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி சொந்தக் கிராமத்துக்கு வந்து, உறவு முறை சொல்லி ஆள் சேர்ப்பான். ஊரில் உள்ள சில்லறைக் கடனை அடைக்க முன்பணம் கொடுப்பான். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் வந்து நின்றால், தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைக்கும். ஆள் வேலையை விட்டுப் போகாமல் இருப்பதில் கங்காணிக்கு லாபம். ஆளைக் கட்டிப்போடக் கடனை விட நல்ல கயிறு எது?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கடனுக்கென்றே ஒரு காகிதம் இருந்தது. அதற்குப் பெயர் 'துண்டு'. இந்தத் தொழிலாளர்கள் மீது இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். இன்னொரு தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்ளும். மனிதன் அப்படியே இருப்பான். கடன் மட்டும் கை மாறும். துண்டு முறையை இலங்கை அரசு 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தது.

பணம் மாறியதும் நிலை மாறியது

மலாயாவில் 1907-ல் ஒரு மாற்றம் வந்தது. தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அரசு ஏற்படுத்தியது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் எல்லோரும் அதில் வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்படும். அதை அவர்கள் திருப்பித் தர வேண்டியதில்லை.

பார்ப்பதற்குச் சிறிய மாற்றம். பிரயாணச் செலவை ஒரு தனி முதலாளியோ கங்காணியோ கடனாகக் கொடுக்கும்போது, போய்ச் சேருகிறவன் அடிமைப்பட்டவனாக இறங்குகிறான். பொது நிதி கொடுக்கும்போது, அந்தக் கடன் இல்லாமல் இறங்குகிறான். தோட்ட வாழ்க்கையின் மற்றக் கஷ்டங்கள் தீர்ந்துவிடவில்லை என்றாலும் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

1922-ல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அரசு அறிவித்த நாடுகளுக்கு, அறிவித்த ஷரத்துகளின்படி மட்டுமே உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்பலாம் என்று ஆயிற்று. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று மலாயாவில் கூலி நிர்ணயமாயிற்று. ரப்பர் விலை விழுந்தபோது இந்தக் கூலியும் வெட்டப்பட்டது. நிலைமையை நேரில் பார்த்து வர இந்திய அரசு ரைட் ஆனரபிள் சீனிவாச சாஸ்திரியாரை அனுப்பியது. மறுபடியும் கூலிக் குறைப்பு வரவே, 1938 ஜூன் மாதம் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதையே இந்திய அரசு தடை செய்தது.

குமாஸ்தாக்களின் கடல் பிரயாணம்

தோட்டக் கூலிகள் மட்டுமே போனார்கள் என்று எண்ணக் கூடாது. மலாயாவின் முதல் ரயில் 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஓடியது. பின்னர் ரயில்வே வளர வளர, ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா வேலைகளுக்கு யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறையப் போனார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த ஆங்கிலம் அவர்களுக்குக் கை கொடுத்தது. சொந்தச் செலவில் போனவர்கள், உத்தியோக உத்தரவைக் கையில் வைத்திருந்தவர்கள். வேலை பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா எழுதிக் கொடுக்கலாம். வியாபாரிகளும் இப்படியே சொந்தச் செலவில் போய் வந்தார்கள்.

அந்தக் காலத்துப் பிரயாணம் என்றால் 'ரஜூலா' கப்பலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் ஆரம்பம் வரை ஓடியது. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அத்தோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. இன்று விமானத்தில் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர் போய்விடலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது, தோட்டத் தமிழர்கள் பட்ட பாடு தனிக் கதை. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 1942-43-ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோ மீட்டர் ரயில் பாதைக்கு அவர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம்.

நீல அட்டையும் சிவப்பு அட்டையும்

1957 ஆகஸ்ட் 31-ல் மலாயா சுதந்திரம் பெற்றது. அன்றுமுதல் தமிழனின் தலையெழுத்தை நிர்ணயித்தது குடியுரிமைக் காகிதம். அன்றே மனுப் போட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் உண்டு. தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியும், பிறப்புச் சான்று இல்லாததாலும், யாரும் எடுத்துச் சொல்லாததாலும் மனுப் போடாமல் விட்டவர்களும் உண்டு. குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. நிரந்தர வாசிகளுக்குச் சிவப்பு அட்டை.

அந்த நிறத்தின் மதிப்பு 1969-ல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய இனி பெர்மிட் வேண்டும் என்று சட்டம் அமலுக்கு வந்தது. பல்லாயிரம் தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு, பார்த்து நெடுநாளான ஊருக்குக் கப்பலேறினார்கள். பிள்ளைகளில் பலர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதும் இல்லை.

இலங்கையில் நிலைமை இதைவிட மோசம். 1948-ன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று பங்கு பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

மலாயாவில் தங்கிவிட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. இன்று மலேசியாவில் சுமார் 20 லட்சம் இந்திய வம்சாவளியினர் வாழ்கிறார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. இந்த வாழ்வு ஒரு தலைமுறையில் வந்ததல்ல.

இன்றைய கங்காணி

கங்காணி ஒழிந்துவிட்டானா? ஒழியவில்லை. இப்போது அவன் கைப்பேசியில் வருகிறான். டிக்கெட்டை அவனே எடுத்துக் கொடுக்கிறான். "அங்கே போன பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்" என்கிறான்.

2022-ல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் வந்தது. நம்பிப் போன இந்திய இளைஞர்கள், தமிழ் இளைஞர்கள் உட்பட, எல்லையைக் கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டு மியான்மர் நாட்டு மியாவாடி பகுதியில் அடைக்கப்பட்டார்கள். வேலை என்ன தெரியுமா? கணினி மூலம் உலகத்தாரை ஏமாற்றிப் பணம் பறிப்பது. மறுத்தவர்களுக்கு அடி உதை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் பிறகும் ஆட்கள் போனார்கள். 2025 மார்ச்சில் விமானப் படை விமானங்கள் இரண்டில் 549 இந்தியர்கள் தாய்லாந்தின் மே சோட் வழியாக மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்.

இதில் குமாஸ்தாக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமது குடிபெயர்வுச் சட்டம் (1983) பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று குறிக்கிறது. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவை. பத்தாவது தேறியவர்களுக்கு இந்தச் சோதனை இல்லை. மியாவாடிக் கும்பல் தேடியது கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளைகளை. அதாவது, எந்த அதிகாரியும் நிறுத்திக் கேட்காத பிள்ளைகளை! கூலித் தொழிலாளியின் மகனைச் சட்டம் ஒரு தடவை விசாரிக்கிறது. குமாஸ்தாவின் மகனை வீட்டில் உள்ளவர்கள்தான் விசாரிக்க வேண்டும்.

புறப்படுமுன்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் உண்மையானதா என்பதை 'இ-மைக்ரேட்' என்ற அரசு இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ரசீது இல்லாமல் லட்சக் கணக்கில் கேட்டால் அந்த வாசலை விட்டு இறங்கிவிடுவது நல்லது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது, அங்கும் விசாரிக்கலாம்.

சுற்றுலா வேறு, வேலை வேறு. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. தாய்லாந்தும் அதே ஆண்டு சலுகை கொடுத்தது. இது ஊர் சுற்றிப் பார்க்கத்தான். "முதலில் டூரிஸ்டாகப் போ, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிற ஏஜெண்டு பொய் சொல்கிறான். மலேசியாவில் சட்டவிரோதமாக நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு.

வேலை ஒப்பந்தத்தைப் புறப்படுவதற்கு முன்பே கையில் வாங்கி, புரிகிற பாஷையில் படித்துப் பார்க்க வேண்டும். சம்பளம், வேலை நேரம், திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குக் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பு கிடைக்கிறது. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றின் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே போனதும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால், மலேசியச் சட்டப்படியே அது குற்றம். உடனே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கலாம்.

வெளிநாடு போகவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போனவர்களால் எத்தனையோ குடும்பங்களில் தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது, தம்பிகள் படித்திருக்கிறார்கள். ஆனால் டிக்கெட்டை யார் வாங்கிக் கொடுக்கிறார், ஏன் வாங்கிக் கொடுக்கிறார் என்று கேட்காமல் ஏறியவர்களின் கடன் சீக்கிரம் தீர்ந்ததில்லை. மகன் பெட்டி கட்டுமுன், அந்தக் கேள்வியை அவனிடம் கேட்பது பெற்றோரின் கடமை. பதில் சொல்ல அவன் தயங்கினால், பெட்டியைக் கட்ட அவசரம் வேண்டாம்.