ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா?

கம்பம், சின்னமனூர் பக்கமிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஸ்கேன் எடுக்கக் கிளம்பும் நேயர்களே, பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி இருந்தால் அது வளர்ந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். அந்தப் படங்கள் உள்ள கவரைத் தயவுசெய்து பரணில் போட்டுவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியில் வலுவான காந்தம் இருக்கிறது. கொலுசு, மெட்டி, கொண்டை ஊசி, இடுப்புச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். உள்ளே தடதடவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். சி.டி. ஸ்கேனில் எக்ஸ் கதிர் உண்டு. அதனால் கர்ப்பிணிகள் அவசியம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

படத்தில் கட்டி தெரிந்தாலே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். பெரும்பாலும் சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த பிறகே டாக்டர் உறுதி செய்வார்.