கையா, தொடையா? கேத் லேப் வாசலில் ஒரு வழக்கு

சென்ற மாதம் ஒரு நள்ளிரவு. நெஞ்சுவலி தொடங்கி ஐந்து மணி நேரம் ஆன ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஈசிஜி பார்த்ததும், ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்காகக் கேத் லேபுக்கு அனுப்பச் சொன்னேன். கையெழுத்துப் போடவேண்டிய மைத்துனர் வாசலிலேயே நின்றுகொண்டார். “எங்க சித்தப்பாவுக்குத் தொடை வழியாத்தான் சார் பண்ணினாங்க. கையில பண்ணினா அரைகுறைன்னு சொல்றாங்களே?” ஊரிலிருந்த பெரியவர் போனில் சரி சொல்வதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. அத்தனை நேரமும் இதயத் தசை செத்துக்கொண்டிருந்தது.

வாரம் ஒரு குடும்பமாவது இந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கை வழி அரைகுறையா?

இல்லை. எந்தப் பக்கம் நுழைந்தாலும் போய்ச் சேரும் அடைப்பு ஒன்றுதான், ஸ்டென்டும் அதேதான். 1992-இலேயே ஆம்ஸ்டர்டாமில் கீமனய் என்ற மருத்துவர் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகாட்டிவிட்டார்.

மாரடைப்பில் ஆஸ்பிரின், இன்னொரு ரத்த உறைவு தடுப்பு மாத்திரை, ஹெப்பாரின் என்று எல்லாம் ஒன்றாகப் போகும். குத்திய இடத்தில் ரத்தம் கசியத்தான் செய்யும். மணிக்கட்டு ரத்தக்குழாய் தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் கிடக்கிறது. ஒரு பட்டையைக் கட்டி அழுத்தினால் நின்றுவிடும். தொடை இடுக்கில் கசிந்தால், ரத்தம் வயிற்றின் பின்பக்கம் ஏறித் தேங்கலாம். வெளியே ஒரு சொட்டு தெரியாது. பிபி இறங்கும்போதுதான் நமக்கே தெரியும்.

இத்தாலியில் 1,001 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், கை வழியில் இதயம் சார்ந்த மரணம் 5.2 சதவீதம், தொடை வழியில் 9.2. ஆனால் 2020-இல் வந்த கனடா ஆய்வில் உயிரிழப்பில் வித்தியாசமே இல்லை. என் தீர்ப்பு: பழகிய கைக்கு மணிக்கட்டே முதல் வழி.

“கை விளங்காமப் போயிடுமாமே?”

கைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள். ஒன்று பின்னால் அடைத்துக்கொண்டாலும் பெரும்பாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். இதயம் இடப்பக்கம் இருப்பதால் இடது கையில்தான் செய்யவேண்டும் என்பதும் கதை. பெரும்பாலும் வலது கையில் செய்வது, நாங்கள் நிற்பது அந்தப் பக்கம் என்பதால்தான்.

அதிர்ச்சி நிலையில் நாடி அகப்படாதவருக்கும், டயாலிசிஸுக்காகக் கையைக் காக்கவேண்டியவருக்கும் தொடை தேவைப்படலாம். கையில் தொடங்கித் தொடைக்கு மாறுவதும் உண்டு. தவறு நடந்துவிட்டது என்று வாசலில் கூச்சல் போடாதீர்கள்.

சோடாவும் வாயு ஊசியும்

அன்று வந்தவர் வாயு என்று நினைத்துச் சோடா குடித்திருந்தார். ஓமத் தண்ணீரும் குடித்திருந்தார். போதாததற்கு, தெரிந்தவர் ஒருவரிடம் இடுப்பில் ‘வாயு ஊசி’. விசாரித்தால் அது வலி நிவாரணி. நாங்கள் ஹெப்பாரின் கொடுத்த பிறகு, ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாக வீங்கியது. மணிக்கட்டில் நாங்கள் துளி சிந்தாமல் பார்த்துக்கொள்ள, பிட்டத்தில் கட்டியாக ரத்தம்! கோபம் வராதா, சொல்லுங்கள்?

பக்கத்து வீட்டுக்காரர் தரும், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் விளையாட்டல்ல. பிபி ஏற்கெனவே இறங்கியிருந்தால் ஆளையே சாய்த்துவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு

சில நாளைக்கு அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்கவேண்டாம். ரத்தம் கசிந்தால் மஞ்சள் பொடி, காபித்தூள் அப்பாதீர்கள். விரலால் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்கு வாருங்கள். காயம் ஆறியதும் ரத்த உறைவு தடுப்பு மாத்திரையை நிறுத்துகிறார்களே, அவர்களைத்தான் கும்பிட்டுக் கேட்கிறேன்: நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். புகையை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா.

நெஞ்சு அழுத்தி வியர்த்தால் 108-ஐ அழையுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே தருகிறார்கள். கையெழுத்துப் போடப்போகிறவர் பின்னால் பைக்கில் வரவேண்டாம். அதே ஆம்புலன்ஸில் ஏறிக்கொள்ளட்டும்.