2 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய்ல 12 ராத்திரி ஐரோப்பா: கணக்குல வந்ததும், கணக்குல வராததும்

போன மாசம் வீடியோல ஐரோப்பா போட்டோ ரெண்டு காட்டினதுல இருந்து ஒரே கேள்விதான் வந்துட்டு இருக்கு. "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" முழுக் கணக்கையும் இன்னிக்கு சொல்லிடறேன். அதோட, எந்த எக்ஸெல் ஷீட்லயும் நான் போடாத ஒரு நாளைப் பத்தியும் சொல்லணும். நீங்க இந்தப் பதிவுல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டா, அது அந்த நாளாத்தான் இருக்கணும்.

2025 ஜூன் 21-ல இருந்து ஜூலை 3 வரை. ரோம் 3 ராத்திரி, வெனிஸ் பக்கத்துல மெஸ்த்ரே 2, பெர்லின் 3, ஒரு ராத்திரி பஸ்ல, கடைசியா பாரிஸ் 3. நானும் என் ரூம்மேட்டும். ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே ரூட், ஒரே ஹாஸ்டல். ஒரே ஒரு வித்தியாசம்தான். நான் 16 மாசம், மாசம் 15,000 ரூபாய் ஆர்.டி. போட்டு 2,40,000 சேர்த்தேன். அவன் கிளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி 2,50,000 ரூபாய் பர்சனல் லோன் எடுத்தான். 14% வட்டி, 36 மாசம்.

முதல்ல பில்

ஒரு ஆளுக்கு ஆன செலவு இது. அப்போ ஒரு யூரோ கிட்டத்தட்ட 100 ரூபாய், அதனால கணக்கு சுலபம்.

- விமான டிக்கெட் (சென்னை–ரோம், பாரிஸ்–சென்னை): 68,000
- விசா, சர்வீஸ் சார்ஜ், இன்சூரன்ஸ்: 13,000
- ஹாஸ்டல், 11 ராத்திரி: 46,000
- ஊர் விட்டு ஊர் (ரயில், விமானம், பஸ்): 17,000
- ஊருக்குள்ள சுத்தினது: 9,000
- சாப்பாடு: 26,000
- நுழைவுக் கட்டணங்கள்: 11,000
- சிம், சில்லறைச் செலவு, வீட்டுக்கு வாங்கினது: 12,000
- என் முட்டாள்தனத்துக்குக் கட்டினது: 11,000

மொத்தம் 2,13,000. அந்தக் கடைசி வரியைப் பார்த்து சிரிக்காதீங்க. அதுக்கு வரேன்.

விமான டிக்கெட்ல ஒரு விஷயம். போய்ச் சேர்ற ஊரும் திரும்பி ஏறுற ஊரும் வேறவேறயா புக் பண்ணுங்க. பாரிஸ்ல இருந்து மறுபடி ரோமுக்கு வரணும்னா ஒரு நாளும் போகும், பணமும் போகும்.

விசாவுக்கு ஷெங்கன் கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ. ரிஜெக்ட் ஆனா திரும்பக் கிடைக்காது. எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். எங்களுக்கு இத்தாலி 5 ராத்திரி, அதனால இத்தாலி. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு ஸ்லாட் கிடைக்கறது கஷ்டம், தள்ளிப்போடாதீங்க. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும்.

சின்னச் சின்ன இடத்துல நின்ன காசு

ரோம்ல தண்ணி பாட்டில் வாங்கவே தேவையில்ல. தெருவுக்குத் தெரு "நசோனி"ன்னு இரும்புக் குழாய் இருக்கு, ஜில்லுனு நல்ல குடிநீர், காசு கிடையாது. பாரிஸ்ல பச்சை நிற வாலஸ் குழாய்கள். ஒரு காலி பாட்டில் கையில இருந்தா போதும். இத்தாலில காபியை கவுன்ட்டர்ல நின்னே குடிங்க. டேபிள்ல உட்கார்ந்தா பல கடைல விலை ஏறிடும்.

வெனிஸ்ல ஒரு நாள் மட்டும் வந்து போறவங்களுக்கு நுழைவுக் கட்டணம் இருக்கு. 2025-ல குறிப்பிட்ட நாட்கள்ல முன்னாடியே பதிவு பண்ணா 5 யூரோ, கடைசி நேரத்துல 10 யூரோ. ஜூன்ல அது பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுதான். நாங்க போனது புதன்கிழமை, கட்டணமே இல்ல. வாட்டர் பஸ்ல ஒரு தடவை ஏற அப்போ 9.50 யூரோ. நாங்க நடந்தோம். அந்த வாரக் கடைசில அங்க ஜெஃப் பெசோஸ் கல்யாணம். அவர் பட்ஜெட் வேற, நம்ம பட்ஜெட் வேற!

ஜெர்மனில குளிர்பான பாட்டிலைக் குப்பைல போடாதீங்க. பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட். சூப்பர் மார்க்கெட்ல இருக்கற மெஷின்ல போட்டா திரும்பக் கிடைக்கும். ஆனா ஞாயிற்றுக்கிழமை அங்க கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கி வைக்காததால ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏறும்போது ஸ்டேஷன் கடைல ரெண்டு மடங்கு குடுத்து சாப்பிட்டோம்.

கார்டு தேய்க்கும்போது மெஷின் "ரூபாயா, யூரோவா?"ன்னு கேட்கும். எப்பவும் யூரோ. ரூபாய் அமுக்கினா அந்த மெஷின்காரர் வைக்கறதுதான் ரேட். ரூம்மேட் முதல் ரெண்டு நாள் ரூபாய்தான் அமுக்கினான், "நம்ம ஊர் காசுல தெளிவா தெரியுதுல்ல"ன்னு. தெளிவாத்தான் தெரிஞ்சுது, நஷ்டம்.

அந்த 11,000

இது முழுக்க என் தப்பு. ரெண்டு தடவை.

முதல் தடவை வெனிஸ்–பெர்லின் விமானம். மலிவு டிக்கெட்ல பை அளவு ரொம்பக் கறார். "ரெண்டு இன்ச் தானே"ன்னு நெனச்சேன். கேட்ல பையை இரும்புச் சட்டத்துக்குள்ள வைக்கச் சொன்னாங்க. நுழையல. 50 யூரோ.

ரெண்டாவது பெர்லின். அங்க மெட்ரோ ஸ்டேஷன்ல தடுப்புக் கதவே கிடையாது. நான் 10.60 யூரோ குடுத்து ஒரு நாள் டிக்கெட் வாங்கினேன், பையில வச்சேன், ஏறிட்டேன். ரெண்டு ஸ்டேஷன் கழிச்சு சாதாரண உடுப்புல ஒருத்தர் வந்து டிக்கெட் கேட்டார். பெருமையா நீட்டினேன். "முத்திரை எங்க?"ன்னார். பிளாட்பாரத்துல ஒரு சின்ன மெஷின்ல டிக்கெட்டை விட்டு நேரம் குத்தணும். குத்தாத டிக்கெட், இல்லாத டிக்கெட் மாதிரிதான். 60 யூரோ. நம்ம ஊர் காசுக்கு 6,000. நான் எவ்வளவு சொல்லியும் அவர் சிரிச்சுக்கிட்டே ரசீது குடுத்தார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. 6,000 ரூபாய்க்காக! அடுத்த நாள் வரைக்கும்தான் அந்தக் கவலை நீடிச்சுது.

ஜூன் 28, சனிக்கிழமை

காலைல 11 மணி. பெர்லின் சுவர்ல ஓவியம் வரைஞ்சிருக்கற ஈஸ்ட் சைட் கேலரில நடந்துட்டு இருந்தோம். வாட்ஸ்அப்ல தங்கச்சி கால். மதுரைல அப்போ மத்தியானம் ரெண்டரை.

"அண்ணா, பயப்படாத. அப்பாவுக்கு நெஞ்சு வலி. அட்மிட் பண்ணியாச்சு. ஸ்டென்ட் வைக்கணுமாம்."

கம்பெனி இன்சூரன்ஸ்ல அப்பா பேர் இருக்கு. ஆனா கேஷ்லெஸ் அனுமதி வர நேரமாகும், அதுவரைக்கும் 60,000 டெபாசிட் கட்டச் சொல்லியிருக்காங்க. பணம் என்கிட்ட இருந்துச்சு. டிரிப்புக்கு எவ்வளவு குறைஞ்சாலும் தொடமாட்டேன்னு தனியா வச்சிருந்த எமர்ஜென்சி ஃபண்ட், ஆறு மாசச் செலவு, வேற பேங்க்ல. இதுக்குத்தானே வச்சிருந்தோம்னு போனை எடுத்தேன்.

யுபிஐ ஆப் திறக்கல. சிம் காணோம்னு சொல்லுது. ரோம்ல லோக்கல் சிம் போட்டப்போ என் இந்திய சிம்மைக் கழட்டி பர்ஸ்ல வச்சிருந்தேன். அங்கயே நடைபாதைல உட்கார்ந்து மாத்தினேன். சிக்னல் இல்ல. ஏன்னா ரோமிங் பேக் போடல. "வாட்ஸ்அப் இருக்குல்ல, எதுக்கு தண்டச் செலவு"ன்னு விட்டிருந்தேன். நெட் பேங்கிங்ல போனா ஓடிபி கேட்குது. ஓடிபி வரணும்னா அந்த சிம் உயிரோட இருக்கணும்.

யோசிச்சுப் பாருங்க. பணம் இருக்கு. என் பணம்தான். ஆனா தேவைப்படற நேரத்துல என்னால அதைத் தொட முடியல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கற மாதிரி.

ரூம்மேட் எதுவும் பேசல. "தங்கச்சி நம்பர் சொல்லு"ன்னான். அவன் கிளம்பறதுக்கு முன்னாடியே ரோமிங் பேக் போட்டிருந்தான். லோன்ல மிச்சமிருந்த காசுல இருந்து 60,000 ரூபாய், ரெண்டே நிமிஷத்துல தங்கச்சிக்குப் போச்சு. சாயங்காலம் ஹாஸ்டல் வைஃபைல ரோமிங் போட்டு, ஓடிபி வந்ததும் அவனுக்குத் திருப்பி அனுப்பினேன். அதுக்குள்ள ஸ்டென்ட் வச்சு முடிச்சிருந்தாங்க.

திரும்பி வரேன்னு சொன்னேன். ராத்திரி அப்பாவே போன்ல வந்தார். "நீ வந்து என்னத்தப் பண்ணப் போற? பாக்க வேண்டியதைப் பாத்துட்டு வா"ன்னார். குரல் மெலிஞ்சிருந்துச்சு, ஆனா அதட்டல் குறையல. அதனால பாரிஸ் போனோம்.

பாரிஸ்ல அனல். ஜூலை 1 வெப்ப அலைக்கு ரெட் அலர்ட், ஈஃபிள் டவர் உச்சியை மூடிட்டாங்க. அன்னிக்கு செவ்வாய்க்கிழமை, லூவர் மியூசியத்துக்கு வார விடுமுறை. ஹாஸ்டல்ல ஏசி கிடையாது. சென் நதிக்கரையில மரத்தடில உட்கார்ந்து தங்கச்சி அனுப்பின போட்டோவைப் பார்த்துட்டு இருந்தேன். அப்பா கட்டில்ல சாய்ஞ்சு இட்லி சாப்பிட்டுட்டு இருந்தார். மறுநாள் புதன், லூவர் ராத்திரி 9 வரை திறந்திருக்கும். 22 யூரோ குடுத்து மோனலிசாவைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னா, இட்லி போட்டோதான் பிடிச்சுது.

சரி, யார் சரி?

"அப்போ லோன் எடுத்தவன் தானே காப்பாத்தினான்?"னு நீங்க கேட்கலாம். ஆமா. அவன் காப்பாத்தினது மனசால, அப்புறம் ஒரு ரோமிங் பேக்கால. லோனால இல்ல.

லோன் கணக்கு இதுதான். மாசம் ஏறக்குறைய 8,545 ரூபாய் இ.எம்.ஐ., 36 மாசம். மொத்தம் கட்டப்போறது சுமார் 3,07,600. வட்டி மட்டும் 57,600. ஊர் திரும்பின மூணாவது மாசம் அவனுக்குப் பிடிச்ச வேலை ஒண்ணு கிடைச்சுது. ஆனா நடுவுல ரெண்டு மாசம் சம்பளம் இருக்காது. பைக் இ.எம்.ஐ., இந்த இ.எம்.ஐ. ரெண்டையும் போட்டுப் பார்த்துட்டு, வேணாம்னு விட்டுட்டான். பன்னிரண்டு ராத்திரிக்கு வாங்கின கடன், மூணு வருஷத்துக்கு அவன் எந்த வேலைக்குப் போகலாம்ங்கறதை முடிவு பண்ணுது. வட்டியை விட இதுதான் எனக்கு வலிச்சுது. அவன் சம்மதத்தோடதான் இதை எழுதறேன். "எழுதுடா, யாராவது ஒருத்தன் தப்பிக்கட்டும்"னான்.

நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி:

1. டிரிப் பணம் வேற, எமர்ஜென்சி ஃபண்ட் வேற. ரெண்டாவது முழுசா இல்லாம முதலாவதை ஆரம்பிக்காதீங்க.
2. பேங்க்ல பதிவான இந்திய சிம் போன்லயே இருக்கட்டும், ரோமிங் ஆன்ல இருக்கட்டும். லோக்கல் டேட்டாவுக்கு இ-சிம் போட்டுக்கோங்க.
3. எமர்ஜென்சி பணத்துல ஒரு பகுதியை வீட்டுல ஒருத்தரோட ஜாயின்ட் அக்கவுன்ட்ல வைங்க. நீங்க இல்லாதப்பவும் அவங்களே எடுக்கற மாதிரி. இப்போ அம்மா பேர்ல ஒரு லட்சம் அப்படித்தான் இருக்கு.
4. அப்பா அம்மாவோட இன்சூரன்ஸ் கார்டு, பாலிசி நம்பர் வீட்டுல யாருக்காவது தெரிஞ்சிருக்கணும். தங்கச்சி அன்னிக்கு அதையும் என்கிட்டதான் கேட்டா.
5. பட்ஜெட்ல 10% "தெரியாம பண்ற தப்பு"ன்னு ஒதுக்குங்க. கண்டிப்பா தேவைப்படும்.

என் ஆர்.டி.ல மிச்சம் 27,000 இருந்துச்சு. அடுத்த டிரிப்புக்கு அதுதான் முதல் தவணை. இந்தத் தடவை அப்பாவையும் கூட்டிட்டுப் போகணும். பெர்லின்ல அவர் டிக்கெட்டுக்கும் நானே முத்திரை குத்துவேன்.