பாதி இயங்கும் என்ஜின்

சேலத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா ரகப் பயிற்சி விமானம் ஒன்று, 2025 நவம்பர் 13 அன்று திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே அவசரமாகத் தரையிறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினர். நடுவானில் கோளாறு நேர்ந்தால் விமானிக்கு இடம் தேடச் சிறிதேனும் அவகாசம் உண்டு. ஓடுபாதையை விட்டு எழும்பிய அரை நிமிடத்தில் என்ஜின் விசை குன்றினால் அந்த அவகாசம் இல்லை.

300 அடி உயரத்தில் விசை முழுவதும் நின்றுவிட்டால், இத்தகைய சிறு விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 அடி வீதம் கீழிறங்கும். கையில் இருப்பது சுமார் 25 விநாடிகள். நேர்ந்தது இன்னதென உணர்வதற்கே அதில் மூன்று, நான்கு விநாடிகள் கழிந்துவிடும். பின்னால் இருக்கும் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அப்போது எழுவது இயல்பு. ஆனால், 45 பாகை சாய்ந்து திரும்பும் விமானம் வானில் நிற்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த வேகம் இல்லாவிட்டால் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கின்றன. எனவேதான், 'திரும்பாதே, முன்னே இறங்கு' என்று பயிற்சிப் பள்ளிகள் கற்பிக்கின்றன.

முழுதாக நின்றுபோன என்ஜினைவிடப் பாதி இயங்கும் என்ஜினே அதிகம் ஏமாற்றுகிறது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, 2000 முதல் 2010 வரை ஒற்றை என்ஜின் விமானங்கள் புறப்பட்டதும் விசை இழந்த நிகழ்வுகளை ஆராய்ந்தது. விசை பகுதியாகக் குறைந்தவை 242. அவற்றுள் 9 உயிரிழப்பில் முடிந்தன. முற்றிலும் நின்றவை 75; அவற்றில் உயிரிழப்பே இல்லை. நின்ற என்ஜின் ஐயத்துக்கு இடம் வைப்பதில்லை. இருமிக்கொண்டே ஓடும் என்ஜினோ, 'இன்னும் சற்றுப் பொறு' என்கிறது. விமானியும் உயரத்தைக் காக்க முயன்று வேகத்தை இழக்கிறார்.

இதற்கான காரணங்களில் சில, மரக்காணம் போன்ற கடற்கரைக் காற்றிலேயே இருக்கின்றன. கார்புரேட்டரில் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பநிலை 20 பாகைக்கும் மேல் சரியக்கூடும். ஈரப்பதம் மிக்க காற்றாயின், வெயில் நாளிலும் அதனுள் பனிக்கட்டி படியும். புறப்பாட்டுக்காகக் குறைந்த விசையில் நெடுநேரம் காத்திருக்கும் விமானத்துக்கு இது கூடுதல் ஆபத்து. பாதி நிரம்பிய எரிபொருள் தொட்டியில் இரவுக் குளிரில் நீர் திரள்வதும் உண்டு. காலையில் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை வடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

முன்னே இறங்குவதற்கும் நிலம் வேண்டும். மரக்காணத்தில் ஓடுபாதை இல்லை; ஆயினும் வானிலிருந்து நிலத்தை மதிப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதன் உப்பளங்கள் நல்ல சான்று. மேலிருந்து அவை கண்ணாடிபோல் சமதளமாகத் தெரியும். அருகில் சென்றால்தான் பாத்திகளைப் பிரிக்கும் வரப்புகளும் சேறும் புலப்படும். வரப்பில் முன்சக்கரம் தட்டினால் விமானம் குப்புறக் கவிழும். பக்கத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்கள். கழுவேலிச் சதுப்பு நிலத்தின் மேல் பறவைக் கூட்டங்கள்.

கோவில்பட்டி ஓடுபாதையில் பயிற்சிப் பள்ளி அமைக்கத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் முனைந்துள்ள நிலையில், ஓடுபாதையின் இரு முனைகளுக்கு அப்பாலுள்ள நிலத்தை மாணவர்கள் நடந்தே பார்த்திருக்க வேண்டும் என்பதை விதியாக்கலாம். பயிற்றுநர் பாதுகாப்பான உயரத்தில் விசையை முழுவதும் நிறுத்திக் காட்டுவதோடு, பாதியாகக் குறைத்தும் காட்ட வேண்டும். எந்த உயரம்வரை நேரே இறங்குவது என்பதை ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பு மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.